மிச்சப் படம்

விநியோகஸ்தர் படம் பார்க்கும் முறையே தனி. வலது கையில் ரிமோட், இடது கையில் போன். திரையில் யாராவது வாயைத் திறந்தால் போனைப் பார்ப்பார்; வாயை மூடினால் ரிமோட்டை அழுத்தி ஓட்டிவிடுவார். யார் எந்தப் படத்தைக் கொண்டுபோனாலும் "இதுல மூணு பாட்டு வெச்சிருக்கலாமே" என்பது அவர் வழக்கம். ஜெயிலைப் பற்றி எடுத்தவனுக்கும் மூணு பாட்டு, பிணவறையைப் பற்றி எடுத்தவனுக்கும் மூணு பாட்டு. அதனால் படம் எடுக்கும் ஏழை பாழைகள் எல்லாரும் அவரை 'மூணு பாட்டு' என்றே அழைத்தார்கள், அவர் காதில் விழாத தூரத்தில்.

அன்று அவர் எதிரில் உட்கார்ந்திருந்தவள் பாப்பா. நாற்பது வயதைத் தாண்டிய ஒரு இயக்குநருக்கு இது ஒரு பெயரா என்று கேட்கலாம். அண்ணன் வைத்த செல்லப் பெயர் அது. வீடு, தெரு, படப்பிடிப்புத் தளம் என்று எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பக்கத்தில் அவள் கணவன். அவள் படத்துக்கு எடிட்டரும் அவன்தான். காதலித்ததும் எடிட்டிங் அறையில்தான், கல்யாணத்துக்குப் பிறகு சண்டை போடுவதும் அதே அறையில்தான்.

படத்தின் பெயர் 'பொது ஃப்ரிட்ஜ்'. ஒரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இரண்டு ஓரகத்திகள். சொத்துப் பிரித்தபோது வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பியாயிற்று. ஃப்ரிட்ஜை மட்டும் பிளக்க முடியவில்லை. அது இருவருக்கும் பொதுவான நடையில் நின்றது. மேல்தட்டுகள் மூத்தவளுக்கு, கீழ்த்தட்டுகள் இளையவளுக்கு, கதவில் இருக்கும் முட்டைக் குழிகள் யாருக்கு என்று கடைசிவரை முடிவாகவில்லை. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. உளவு, எல்லைத் தகராறு, பழிவாங்கல் எல்லாம் அந்த ஃப்ரிட்ஜ் வழியாகவே நடக்கும். படம் முழுக்க இவ்வளவுதான்.

மூணு பாட்டு ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, இதுல யார் யாரைக் கொல்றாங்க?"

"யாரும் யாரையும் கொல்லல சார்."

"இவ்ளோ பெரிய ஃப்ரிட்ஜ் இருக்கே. உள்ள பொணம் கிணம்..."

"முட்டை இருக்கு சார்."

அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "சரி, கடைசி இருபது நிமிஷத்தைத் தூக்கிடு. ஃப்ரிட்ஜ் கெட்டுப்போகுது, உள்ள இருக்கிறதெல்லாம் வீணாப்போகுதேன்னு ரெண்டு பொம்பளைங்களும் தரையில உக்காந்து சாப்பிடுறாங்க. சாப்பிடுறாங்க, சாப்பிடுறாங்க, சாப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. இதை யாரு தியேட்டருக்கு வந்து பாப்பான்? பசிக்கிறவன் ஓட்டலுக்குப் போயிடுவான். அதைத் தூக்கிட்டு அங்க ஒரு பாட்டு வை."

"ஒண்ணு போதுமா சார்?" என்றாள் பாப்பா. அவள் குரலில் இருந்த கிண்டல் அவருக்குப் புரியவில்லை.

"முன்னாடி ரெண்டு வெச்சா மொத்தம் மூணு ஆயிடும்."

கணவன் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கடைசி இருபது நிமிடத்தை வெட்டலாம் என்று முதன்முதலில் சொன்னவனே அவன்தான். அதற்காக அவள் ஒரு வாரம் அவனோடு பேசாமல் இருந்தாள். பேசாமல் இருப்பதைப் பற்றிய படமாதலால் அதை ஆராய்ச்சி என்றும் சொல்லிக்கொண்டாள்.

படியிறங்கும்போது அவன் மெதுவாக ஆரம்பித்தான். "அவரு சொன்னதுல ஒரே ஒரு விஷயம்..."

"வாயைத் திறந்த, பஸ்ல தனியாத்தான் வீட்டுக்குப் போவ."

மூணு பாட்டு கடைசிக் கதவு. மற்ற கதவுகளை எல்லாம் அவள் ஏற்கெனவே தட்டிப் பார்த்துவிட்டாள். பட விழாக்களுக்குப் போய் வந்தாயிற்று. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் அடுத்த காட்சிக்குத் தங்கள் படத்தோடு காத்திருக்கும் இயக்குநர்கள். விளக்கு எரிந்ததும் வந்து, "உங்க மௌனம் ரொம்ப சத்தமா பேசுதுங்க" என்று கையைக் குலுக்குவார்கள். குலுக்கிய கையிலேயே, "நம்ம படம் நாலு மணிக்கு, மறக்காம வந்துடுங்க" என்று ஒரு நோட்டீஸைத் திணிப்பார்கள். இவள் போவாள், அவர்கள் மௌனத்தைப் பாராட்டுவாள். இணையத்தில் படம் காட்டும் நிறுவனம் ஒன்று பதில் போட்டிருந்தது: உங்கள் படைப்பு எங்களை ஆழமாகத் தொட்டது, ஆனால் தற்சமயம் எங்களால் அதைத் தொட முடியாது. ஆக, எடுத்து முடித்து இரண்டு வருடமாகியும் சொந்தக்காரன், கூட வேலை செய்தவன், இன்னொரு இயக்குநர் என்ற மூன்று ஜாதியைத் தவிர வேறு மனிதப் பிறவி யாரும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை.

இந்த நிலைமையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். அவனுக்குச் சொந்தமாக ஒரு பஸ் கம்பெனி. இந்த ஊரிலிருந்து அடுத்த பெரிய ஊருக்கு, ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம், நாள் முழுக்க பஸ் விடுவான். வந்தவன் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"பாப்பா, உன் படம் சும்மாதானே கெடக்கு?"

"சும்மா கெடக்கலண்ணா. பேச்சுவார்த்தை நடக்குது."

"மாப்பிள்ளை, நடக்குதா?"

"இல்ல மச்சான்" என்றான் கணவன். குடும்ப உண்மைகளைச் சொல்வதில் அவன் என்றுமே தயங்கியதில்லை.

அண்ணனின் பிரச்சினை இது. பஸ்ஸில் டிவி இருக்கிறது. பெரிய படம் எதையாவது போட்டால், யாரைக் கேட்டுப் போட்டாய் என்று உரிமைக்காரர்களிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வருகிறது. நோட்டீஸ் வந்தாலும் பரவாயில்லை, கார் துரத்தும் காட்சி வந்தால் டிரைவர்களுக்கு ரத்தம் சூடாகிவிடுகிறது. பின்னால் இசை முடுக முடுக இவர்கள் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார்கள். போன வாரம் ஒரு டிரைவர், கதாநாயகன் வில்லனைப் பிடிக்கும் ஆவேசத்தில், இரண்டு நிறுத்தங்களில் நிறுத்தாமலே போய்விட்டான்.

"அதனால அமைதியான படமா வேணும். சத்தம் கித்தம் இருக்கக் கூடாது, வண்டி கிண்டி ஓடக் கூடாது, ஏறி உக்காந்ததும் ஜனங்க தூங்கிடணும். அப்பத்தான் உன் ஞாபகம் வந்துச்சு."

பாப்பாவுக்கு முகம் சிவந்தது. "ஜனங்க தூங்குறதுக்கா நான் படம் எடுத்தேன்?"

"கோவிச்சுக்காத. படம் ஓடணும்னுதானே எல்லாருக்கும் ஆசை? தியேட்டர்ல போட்டா உன் படம் ஒரு நாள் ஓடும். என் பஸ்ல போட்டா தினமும் மணிக்கு அறுபது கிலோமீட்டர் ஓடும்."

கணவன் சிரித்துவிட்டான். அவள் முறைத்ததும் சிரிப்பை இருமலாக மாற்றினான். ஆனால் அண்ணன் போன பிறகு அவன்தான் சொன்னான்: "பாரு, பட விழாவுல எத்தனை பேரு பார்த்தாங்க? அதுல பாதிப்பேரு ஏசிக்காக வந்தவங்க. பஸ்ல இருக்கிறவன் எந்திரிச்சுப் போக முடியாது. ஓடுற பஸ்ல இருந்து குதிச்சாத்தான் உண்டு. இந்த மாதிரி ஆடியன்ஸ் உனக்கு வேற எங்க கிடைப்பாங்க?"

அந்த வாதத்தில் ஒரு நியாயம் இருந்தது.

முதல் பயணத்தில் அவளும் ஏறினாள். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடைசி வரிசை ஜன்னலோரம். கண்டக்டர் அவளை அடையாளம் கண்டு வந்து பல்லைக் காட்டினான். "அக்கா, தூங்குற படம்னு முதலாளி சொன்னாரு. வால்யூம் கொஞ்சமா வெச்சா போதும்ல?"

"நிறையவே வை" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

படம் ஆரம்பித்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மருந்துக் கம்பெனிப் பையோடு இருந்த ஒருவர் போனில் கணக்குப் பேசினார். இரவு வேலை முடித்த நர்ஸ் ஒருத்தி ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்தாள். முன் சீட்டில் இருந்த பருத்த அம்மாள் மட்டும், வேறு வேலை இல்லாததால், திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பாவுக்குக் குதித்துவிடலாம் போலிருந்தது.

இளையவள் தன் கிண்ணம் ஒன்றை எடுத்து மேல்தட்டின் ஓரத்தில் வைக்கும் காட்சி வந்தது. வசனம் இல்லை. கிண்ணத்தின் அடிப்பாகம் மாத்திரம் தெரியும்.

"எல்லை தாண்டிட்டா பாரு" என்றாள் முன் சீட்டு அம்மாள், யாரிடம் என்று இல்லாமல்.

"யாரு?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"சின்னவதான். பெரியவ இடத்துல வெச்சிட்டா. கள்ளி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரத்தில், "கீழ இடம் இல்லன்னா அவ என்னதான் செய்வா?" என்றார். அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இடம் இல்லன்னா வாங்குனது எதுக்கு? அடுத்தவ இடத்துல வைக்கலாம்னா வாங்குனா?" மருந்துக் கம்பெனிக்காரர் போனை வைத்துவிட்டு, மூத்தவள் பால் பாக்கெட்டுகளைப் படுக்கவைத்து இடத்தை அடைத்துக்கொள்வது வேண்டுமென்றே செய்கிற காரியம் என்றார். நர்ஸ் எழுந்துவிட்டாள். ஊரின் எல்லையைத் தாண்டி பத்து மைல் போவதற்குள் பஸ் இரண்டாகப் பிரிந்துவிட்டது. வலது பக்கம் பெரும்பாலும் மூத்தவள் கட்சி, இடது பக்கம் இளையவள் கட்சி. நின்றுகொண்டு வந்தவர்கள் மாறி மாறிக் கட்சி தாவினார்கள்.

பாப்பா கண்ணாடியைக் கழற்றினாள். பட விழாவில் அவள் படத்துக்குக் கிடைத்தது மரியாதையான அமைதி. அந்த அமைதியில் யாராவது இருமினால்கூட அவள் திரும்பிப் பார்ப்பாள். இங்கே கத்துகிறார்கள், திட்டுகிறார்கள், "அடியேய், பின்னாடி பாருடி, வர்றா" என்று திரையில் இருப்பவளை எச்சரிக்கிறார்கள். அவள் அரும்பாடுபட்டுக் கட்டிய மௌனத்தை ஒரு பஸ்ஸே சேர்ந்து டப்பிங் செய்துகொண்டிருந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

இடையில் முன் சீட்டு அம்மாள் திடீரென்று போனை எடுத்தாள்.

"நான்தான் பேசுறேன்... நான்தான்டி, உன் ஓரகத்தி. குரல்கூட மறந்துபோச்சா? அந்த மூடி போட்ட எவர்சில்வர் டப்பா இன்னும் உங்கிட்டதான் இருக்கு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். குரல் இறங்கியது. "ஆமா... நல்லாத்தான் இருக்கேன். முட்டிவலிதான். உனக்கு?" மறுபடி கேட்டாள். பிறகு சுதாரித்துக்கொண்டு, "அதெல்லாம் இருக்கட்டும். டப்பா எப்ப வரும்?"

ஊர் நெருங்கியது. திரையில் மின்சாரம் போய், ஃப்ரிட்ஜ் உறுமி அடங்கியது. கதவின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்தது. மூத்தவள் ஓடி வந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து இளையவளும் ஓடி வந்தாள். இருவரும் முதல் தடவையாக நேருக்கு நேர் நின்றார்கள். மூத்தவள் பேசுவதற்கு வாயைத் திறந்தாள்.

பஸ் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்தான். டிவியும் அணைந்தது.

"கடைசி ஸ்டாப்! எல்லாரும் எறங்குங்க!"

ஒருவரும் இறங்கவில்லை. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "போடுய்யா! டிவியைப் போடுய்யா!" கண்டக்டர், அடுத்த டிரிப்புக்கு நேரமாகிவிட்டது, பின்னால் வண்டிகள் நிற்கின்றன என்று கெஞ்சினான். நிலையத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரலாமே என்றார் மருந்துக் கம்பெனிக்காரர். டிரைவருக்கும் கதை தெரிய ஆசைதான், நிஜமாகவே ஒரு சுற்றுச் சுற்றினான்; டிவி உயிர்பெறுவதற்குள், பாதிச் சுற்றிலேயே, போக்குவரத்துக் காவலர் விசிலடித்து நிறுத்திவிட்டார். வேறு வழியில்லாமல் கண்டக்டர் கையைத் தூக்கிக் கடைசி வரிசையைக் காட்டினான். "எங்கிட்ட ஏன் கத்துறீங்க? எடுத்தவங்க அங்க உக்காந்திருக்காங்க, அவங்களைக் கேளுங்க!"

அத்தனை தலைகளும் திரும்பின. எந்தப் பட விழாவிலும் அவளை அத்தனை பேர் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்ததில்லை.

"பேசுனாளா, இல்லையா?" என்றாள் முன் சீட்டு அம்மாள், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு.

பாப்பாவுக்குள் இருந்த இயக்குநர் அந்த நேரம் பார்த்துத் தலைதூக்கினாள். "அதை நான் வாயால சொல்லக் கூடாதுங்க. படத்துல பார்க்கணும்."

நல்லவேளை, பின்பக்கம் ஒரு அவசரக் கதவு இருந்தது.

அடுத்த பத்து நாளும் இதே கூத்து. பயணிகள் இறங்க மறுத்தார்கள், பஸ்கள் தாமதமாயின. சிலர் விவரமாக, அதே பஸ்ஸில் திரும்பி வந்தால் மிச்சத்தைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தார்கள். திரும்பும்போது படம் முதலிலிருந்து ஆரம்பித்தது; பஸ் இந்த ஊர் நிலையத்தை அடைந்தபோது மூத்தவள் மறுபடியும் அதே இடத்தில் வாயைத் திறந்தபடி நின்றாள். அண்ணனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. "பாப்பா, ஒண்ணு நீ படத்தைக் குறை, இல்ல நான் ரோட்டை நீட்டணும்."

"ஒரு ஃப்ரேம் குறைக்க மாட்டேன்."

"மாப்பிள்ளை?"

கணவன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒன்றும் சொல்லாதபோதுதான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்துக் கண்டக்டர் போன் செய்தான். "அக்கா, பஸ்ல கலாட்டா. யாரோ படத்தை மாத்திட்டாங்க."

யாரோ இல்லை. அண்ணனும் மாப்பிள்ளையும் கூட்டுச் சேர்ந்து, அவளுக்குத் தெரியாமல், பயணத்துக்குப் பொருத்தமாக ஒரு படத்தைத் தயாரித்துவிட்டார்கள். நடுவில் அங்கங்கே கத்தரித்து, கடைசி இருபது நிமிடத்தை இரண்டு நிமிடமாகச் சுருக்கி, மூத்தவள் வாயைத் திறந்து "வா, சாப்பிடலாம்" என்றதும் இருவரும் உட்கார, சுபம். பாப்பா கணவனின் சட்டைக் காலரைப் பிடிக்காத குறையாக அடுத்த பஸ்ஸில் ஏற்றினாள். "வா. உன் ஆடியன்ஸை நீயே பாரு."

அன்று பஸ்ஸில் இருந்தவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே ஒருமுறை, வாயைத் திறந்து நின்ற மூத்தவளை மனதில் சுமந்தபடி வீட்டுக்குப் போனவர்கள். சுபம் விழுந்ததும் அந்த நர்ஸ்தான் முதலில் எழுந்தாள்.

"அவ்வளவுதானா? இத்தனை வருஷம் பேசாதவ, 'வா சாப்பிடலாம்'னதும் உக்காந்துடுவாளா? எங்க வீட்டுல இப்படியா நடக்கும்?"

"நடுவுல என்னமோ இருந்துச்சு. அந்தப் பால் பாக்கெட் விஷயமே காணோமே" என்றார் ஒருவர்.

"ஏமாத்து வேலை. யாரு சார் இதை வெட்டுனது? கையில கிடைச்சான்னா..."

கணவன் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டான். தலைகீழாகப் பிடித்திருந்தான். கண்டக்டர் இந்த முறையும் கையைத் தூக்கப்போனான். பாப்பா அவனை ஒரு பார்வை பார்த்தாள். தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு அவன் முன்பக்கம் போய்விட்டான்.

இறங்கி நடக்கும்போது கணவன் கேட்டான். "ஏன் காட்டிக் குடுக்கல?"

"ரெண்டாவது படத்துக்கும் ஒரு எடிட்டர் வேணுமே" என்றாள். பிறகு அவர்கள் பேசவில்லை, ஆனால் அது சண்டைப் பேசாமை இல்லை. அன்றும் மறுநாளும் அவள் சொல்லாமலே அவன் பாத்திரம் கழுவினான். பஸ்ஸில் பழைய முழுப் படமே திரும்பி வந்தது.

விடிவு வந்தது பால்கனி ரூபத்தில். பஸ் போய்ச் சேரும் அந்தப் பெரிய ஊரின் நிலையத்துக்கு எதிரே ஒரு பழைய தியேட்டர் இருந்தது. அதன் பால்கனியைப் புறாக்கள் பிடித்துக்கொண்டு பல வருடமாயிற்று. ஆனாலும் தியேட்டர் முதலாளி யாரிடம் பேசினாலும் "நம்ம தியேட்டருக்குப் பால்கனி உண்டு" என்று சேர்த்துக்கொள்வார். அதனாலேயே அவருக்குப் 'பால்கனி' என்று பெயர். அவருடைய தியேட்டர் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. தினமும் மூட்டை முடிச்சோடு கோபமாக வரும் ஜனங்கள், அவருடைய டிக்கெட் ஜன்னலில் தலையை விட்டு, "அந்த ஃப்ரிட்ஜ் படத்தோட மிச்சம் இங்க இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்ததும் அவர் விசாரித்துக்கொண்டு பாப்பா வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அம்மா, மிச்சத்தை என்கிட்ட குடுங்க. பஸ் வந்து நிக்க நிக்க நான் ஓட்டுறேன்."

"படத்தோட கடைசி இருபது நிமிஷத்தை மட்டுமா? தியேட்டர்லயா?"

"ஆமா."

"இதை மாதிரி ஒரு அசிங்கம் சினிமா சரித்திரத்துலயே நடந்திருக்காது சார்."

"என் தியேட்டர்ல இதைவிட அசிங்கமெல்லாம் ஓடியிருக்கும்மா" என்றார் பால்கனி, மனம் நோகாமல்.

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். வெட்டலாம் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தவன், தரையைப் பார்த்துக்கொண்டு, "அந்தக் கடைசிப் பகுதியை முழுசாப் போடுவீங்களா? ஒரு நொடிகூடக் குறையக் கூடாது" என்றான். அவள் சரியென்று சொன்னது அதற்காகத்தான்.

தியேட்டர் வாசலில் போர்டு மாட்டப்பட்டது: 'பஸ்ஸில் விட்ட மிச்சப் படம் இங்கே.' பஸ் டிக்கெட்டைக் காட்டினால் ஒரு டீ விலைக்கு உள்ளே விடுவார்கள். பஸ் வந்து நிற்கும். மூத்தவள் வாயைத் திறப்பாள். அவ்வளவு பேரும் பெட்டி, சாக்கு, குழந்தைகளோடு தடதடவென்று சாலையைக் கடந்து தியேட்டருக்குள் புகுவார்கள். பத்து எண்ணுவதற்குள் விளக்கு அணையும். மூத்தவள் பேசுவாள். அவள் பேசும் முதல் வார்த்தை ஒரு கெட்ட வார்த்தை. தியேட்டர் அதிரும். பிறகு இருவரும் உருகிக்கொண்டிருக்கும் ஃப்ரிட்ஜைக் காலி செய்ய உட்காருவார்கள். ஒவ்வொரு பாத்திரமாக வெளியே வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய வழக்கு. ஒவ்வொரு வழக்கையும் தின்று தீர்ப்பார்கள். கடைசியில் ஐஸ்கிரீம் டப்பா ஒன்று மிஞ்சும், ஒரே கரண்டி. மூணு பாட்டு சொன்ன மாதிரி சாப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். யாரும் ஓட்டலுக்கு எழுந்து போகவில்லை.

பஸ்ஸில் வராத உள்ளூர்க்காரர்களும் வரிசையில் நின்றார்கள். பால்கனி கறாராக இருந்தார். "முன்கதை தெரியாம உள்ள விட மாட்டேன். போய் பஸ்ல ஏறிட்டு வாங்க." அவர்கள் வேறு பஸ் பிடித்து இந்த ஊருக்கு வந்து, அண்ணன் பஸ்ஸில் ஏறித் திரும்பினார்கள். "மாப்பிள்ளை, வேலை வெட்டி இல்லாதவன் எல்லாம் என் பஸ்ல ஏறுறான்!" என்று அண்ணன் ஆனந்தக் கூத்தாடினான். மற்ற பஸ் கம்பெனிக்காரர்களும், தங்களுக்கும் அந்தப் படம் வேண்டும் என்று வந்து அவன் அலுவலகத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் பாதைகளிலும் கடைசி நிறுத்தத்துக்கு எதிரே ஏதாவது ஒரு தியேட்டர் காற்று வாங்கிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான பாதைக்குப் படத்தை எங்கே நிறுத்துவது என்பதில் பாப்பா நேரில் போய் உட்கார்ந்து சண்டை போட்டாள். அண்ணன் தன் பெயர் அட்டையில் 'பஸ் உரிமையாளர்' என்பதன் கீழே 'திரைப்பட விநியோகஸ்தர்' என்று அச்சடித்துக்கொண்டான்.

ஒரு விமர்சகர் பஸ்ஸில் வராமல், பால்கனியின் நண்பர் என்ற செல்வாக்கில் நேராகத் தியேட்டருக்குள் போய், அந்த இருபது நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுதினார்: 'முன்கதையை அறவே சொல்லாமல் விட்ட துணிச்சல் நம் சூழலில் புதிது.' கணவன் அதைக் கத்தரித்துச் சமையலறை ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்தான்.

மூணு பாட்டும் வந்தார். தியேட்டருக்கு வெளியே நின்று, மூட்டையோடு ஓடும் கூட்டத்தைப் பார்த்தார். அவர் போனைப் பையில் போட்டுவிட்டு ஒரு காரியத்தைக் கவனித்ததை அன்றுதான் பாப்பா பார்த்தாள்.

"நான் எடுத்துக்கிறேன்மா. எந்தப் பாதி குடுக்கிற? முன்னாடியா, பின்னாடியா?"

"முழுசா. முதல்ல இருந்து கடைசி வரை, தியேட்டர்ல. ஒரு பாட்டும் கிடையாது."

அவர் யோசித்தார். தொண்டையைச் செருமினார். "டைட்டில் ஓடும்போதாவது..."

"கிடையாது."

"சரி" என்றார். அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு வலித்தது.

முழுப் படமும் முதன்முதலாக டிக்கெட் போட்டு ஓடிய இடம் பால்கனியின் தியேட்டர்தான். சனிக்கிழமை பிற்பகல் காட்சி. பாப்பா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அண்ணன், அண்ணி, கணவன் எல்லாரும் முன்னதாகவே உட்கார்ந்துவிட்டார்கள். படம் ஆரம்பித்தது. தியேட்டரில் இருந்தவர்கள் ஒரு கைப்பிடி ஆட்கள். மேலே புறாக்கள் அதிகம்.

பாப்பா இடைவேளை வரை தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணுவதற்கு அதிகம் இல்லை. வெளியே போய் நின்றாள். மூணு பாட்டு வராந்தாவில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "சொன்னேனே. ஒண்ணாவது வெச்சிருக்கலாம்" என்று முனகினார்.

"என்ன சார் இது?" என்று பால்கனியைக் கேட்டாள். "கூட்டத்தையே காணோமே."

"பஸ்ஸுல பாத்ததுதானேம்மா முன்பாதி? மறுபடி எதுக்கு வருவாங்க? பதறாதீங்க, வருவாங்க."

வந்தார்கள். இடைவேளை முடிந்து விளக்கு அணையும் தறுவாயில் நாலைந்து பேர். பிறகு கடை அடைத்துவிட்டு ஒரு கும்பல். மருத்துவமனையிலிருந்து சீருடையோடு நர்ஸுகள். குடும்பம் குடும்பமாக வந்து, தெரிந்த இடம்தான் என்பது போல இருட்டில் நாற்காலிகளைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார்கள். மின்சாரம் போய் ஃப்ரிட்ஜ் அடங்கும்போது உட்கார இடமில்லை. பால்கனி ஓடிப் போய்ப் பல வருடமாகப் பூட்டிக் கிடந்த மாடிக் கதவைத் திறந்துவிட்டார். புறாக்கள் சடசடவென்று பறந்தன, ஜனங்கள் துடைக்காமலே உட்கார்ந்தார்கள். முன்பாதியைப் பொறுமையாகப் பார்த்திருந்த அந்தக் கைப்பிடி ஆட்கள், பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்களிடம், "பஸ்ல போடாத ஒரு சீன் இருக்கு, தெரியுமா?" என்று பீற்றிக்கொண்டார்கள். அப்படி ஒரு காட்சியே கிடையாது.

பாப்பா தன் இடத்துக்குத் திரும்பினாள். அங்கே யாரோ மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார்கள். கணவன் கையை விரித்துக் காட்டினான். அவள் நடைபாதையில் நின்றபடி திரையைப் பார்த்தாள். மூத்தவள் வாயைத் திறந்தாள். பாப்பா திரும்பி, இருட்டில் வரிசை வரிசையாகத் திறந்திருந்த மற்ற வாய்களைப் பார்த்தாள். நகரத் தோன்றவில்லை.

"ஏங்க, நிக்கிறவங்க," என்று பின்னாலிருந்து ஒரு குரல் அதட்டியது. "உக்காருங்க. மறைக்குதுல்ல."

"மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு, நல்ல சேலையோடு அவள் தரையில் உட்கார்ந்தாள்.